அஞ்சடியில் ஒரு லயத்து வீடு

திருச்சியிலிருந்து கிளம்பும்போது மாமியார் என்னிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்கள். குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்காதே. சின்னத்தையை ஒரு வேலையும் செய்யவிடாதே. யாருக்கும் தொந்தரவாக இருக்காதே. முதல் இரண்டையும் கடைசிவரை காப்பாற்றினேன். மூன்றாவதை நான்காம் நாள் விடியற்காலையில் வாளியும் துடைப்பமுமாகக் கெடுத்தேன்.

சின்னத்தை என் மாமியாரின் தங்கை. முப்பது வருடங்களுக்கு முன்பு ஈப்போவில் தையல் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போனவர். கணவர் இறந்த பிறகும் மெஷினை விடவில்லை. வலது கண்ணில் புரை வளர்ந்து, அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒரே மகனுக்குக் கோலாலம்பூரில் வேலை, லீவு இல்லை. "வசந்தா படித்தவள், நாலு பேரிடம் இங்கிலீஷில் பேசுவாள், அவள் போய்ப் பத்து நாள் இருக்கட்டும்" என்று வீட்டில் முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு வயது நந்துவை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்று மட்டும் இரண்டு வாரம் யோசித்தேன். கூட்டிக்கொண்டு போனேன். அது சரியா என்று இந்த 1985 முடியும்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஈப்போவில் இறங்கியபோது நந்து என் தோள்மேல் வாந்தி எடுத்திருந்தான். அந்தக் கோலத்தோடுதான் ஊரை முதலில் பார்த்தேன். நாலாபக்கமும் வெளுத்த சுண்ணாம்புக் குன்றுகள், செங்குத்தாக, தலையில் மட்டும் பச்சை. எங்கள் ஊரில் ஒரே ஒரு மலைக்கோட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவு பெருமைப்படுகிறோம். இங்கே மூலைக்கு ஒரு மலை நிற்கிறது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

சின்னத்தையின் வீடு ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. இங்கே கடைகளின் மேல்மாடி முன்னால் நீண்டு வந்து தூண்கள்மேல் நிற்கும். அதன் அடியில் கடைக்குக் கடை தொடர்ந்து போகும் சிமெண்டு நடைபாதைக்குத் தமிழர்கள் வைத்திருக்கும் பெயர் அஞ்சடி. மழையானாலும் வெயிலானாலும் ஊர் முழுக்க அஞ்சடியிலேயே நடந்துவிடலாம். எங்கள் படிக்கட்டின் கதவும் அஞ்சடியில்தான் திறந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் அறுவை முடிந்திருந்தது. படியின் உச்சியில் வலது கண்ணில் கட்டோடு சின்னத்தை நின்றிருந்தார்.

"வா வா. என்னா புள்ள இப்படி மெலிஞ்சிருக்கு? ஒங்க மாமியா சோறு போடறதில்லையா?"

நான் பதில் தேடுவதற்குள் நந்துவை வாங்கிக்கொண்டார். எந்த வேலையும் செய்யவிடக் கூடாது என்ற கட்டளை முதல் நிமிடத்திலேயே ஆட்டம் கண்டது. அவர் கையிலிருந்து குழந்தையை, அப்புறம் துடைப்பத்தை, அப்புறம் கரண்டியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதே அன்றைய வேலையாக இருந்தது. கீழே என்ன கடை என்று கேட்டேன். இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' போட்டுப் பதில் சொன்னார்.

"படக்கடைலா. முன்ன ஐஸ் கட்டி விப்பாங்க. இப்ப ஒரு சீன டீச்சரம்மா எடுத்துப் படமா மாட்டி வச்சிருக்கா. தெருச் சுவத்துல கிறுக்கறவன், சைன்போர்டு எழுதறவன் எல்லாம் அங்கதான் அடை. ஒருத்தரும் வாங்கி நான் பார்த்ததில்ல. ஆனா நல்ல மனுசி. ஆப்பரேசன் அன்னிக்கு அவ வண்டியிலதான் போனேன்."

அன்று சாயங்காலம் எதிர்க் கடையிலிருந்து காப்பியும், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா தடவிய ரொட்டியும் வந்தன. காப்பி நம் டிகிரி காப்பியைவிட வெளுப்பு, ஆனால் வாசனை நாக்கின் பின்னால் வெகுநேரம் நின்றது. முளைகட்டிய பயறு ஒரு தட்டு. நம் ஊரில் முளை நூல் மாதிரி நீளும். இங்கே குட்டையும் குண்டுமாக இருக்கிறது. இந்த மலைத் தண்ணீர்தான் காரணம் என்றார் சின்னத்தை. எனக்கு உடனே அந்தத் தண்ணீர் நந்துவின் வயிற்றுக்கு ஆகுமா என்று கவலை வந்துவிட்டது. இரண்டு முறை காய்ச்சினேன்.

இரண்டாம் நாள் கண் சொட்டு மருந்து வாங்க நந்துவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். எண்ணைச் சரியாகத்தான் பார்த்தேன் என்று இன்னும் நினைக்கிறேன். கடைகள் குறைந்து, மரங்கள் பெருகி, ஒரு குன்று மிகப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்டக்டர் மலாய்க்காரப் பெண். நான் இங்கிலீஷில் கேட்க, அவள் மலாயில் அன்பாக நீளமாக ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. நந்து அழத் தொடங்கினான்.

"அக்கா, எங்க போவணும்?" பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். குட்டையான முடி, ஆண்பிள்ளைச் சட்டை, மடியில் ஒரு சாக்குப் பை. "இது செமோர் போற பஸ்லா. ஈப்போவ விட்டு வந்து ரொம்ப நேரமாச்சு."

"ஐயோ" என்றேன்.

"ஐயோ எல்லாம் வேணாம். செமோர்ல எறங்கி அந்தாண்ட நின்னா திரும்பற பஸ் வரும். நானும் அதுலதான் வாரேன். சுண்ணாம்புக் காளவாயில கட்டி பொறுக்கிட்டு வரணும், பத்தே நிமிசம்."

அப்படித்தான் ஸ்டெல்லாவைத் தெரிந்துகொண்டேன். செமோரில் பஸ் நிற்கும் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனாள். பை நிறைய ஆறிப்போன சுண்ணாம்புக் கட்டிகளோடு திரும்பி வந்து, அதில் ஒன்றை எடுத்து சிமெண்டுத் தரையில் நந்துவுக்கு ஒரு கோழி வரைந்தாள். ஐந்தே கோடு, கோழி நடந்தது. நந்து அழுகையை நிறுத்தி, செருப்புக் காலால் தேய்த்துக் கோழியை அழித்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் சிரித்தாள்.

"அழிச்சா என்னக்கா, இன்னொண்ணு போட்டாப் போச்சு."

நான்கு கோழி வரைந்தாள். நான்கையும் அழித்தான். நான் ஒவ்வொரு தடவையும் அவன் கை வாயருகே போகாமல் துடைத்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு ஆயிற்றே.

திரும்பும் பஸ்ஸில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். தெருவைச் சொன்னதும், "அட, தையக்கார அம்மா வீடா? நான் கீழ, மிஸ் லிம் கடையில இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு வேகமெடுத்தது. ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு. அப்பா முப்பது வருடம் மரம் வெட்டியவர். மரம் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது என்று அவளே எனக்கு விளக்கினாள். பிறகு கம்பெனி ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டது, லயங்களையும் இடித்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

"எனக்கு அங்க கிளினிக்ல ஆயா வேல பேசி வச்சிட்டாரு. படம் போட்டு எவ பொழைச்சா, வான்னு ஒரே புடி. ஒரு தடவ வந்து பாருங்கப்பா, அப்புறம் சொல்லுங்கன்னேன். ஞாயித்துக்கிழம பூசை முடிச்சிட்டு வாராரு. பார்த்துட்டு இது ஒண்ணுமில்லன்னாருன்னா அவரோட பஸ் ஏறிடணும். வாக்குக் குடுத்துட்டேன்."

ஒன்றும் ஆகாது, நல்லபடி நடக்கும் என்று சொன்னேன். மனசுக்குள் அந்த அப்பா பக்கம்தான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நாளை நந்து பெரியவனாகி, சுண்ணாம்புக் கட்டி பொறுக்கப் போகிறேன் என்றால் நான் என்ன சொல்வேன்?

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் சின்னத்தை தூங்கியதும் நந்துவைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். பெரிய கண்காட்சிகளை நான் பார்த்ததில்லை. மியூசியத்தில் ராஜாக்கள் படம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இங்கே முதல் சுவரில் ஒரு ரிக்‌ஷாவின் பக்கப் பலகை தொங்கியது. அதில் ஒரு புலி, மீசை மட்டும் மிக நேர்த்தி. அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்து அதில் சாயம் பூசிய படம் ஒன்று. பின்சந்துச் சுவரில் யாரோ வரைந்த ஆளுயர மீன்காரி, சுவரைப் பெயர்க்க முடியாததால் போட்டோவாக. பார்க்கிங் அபராதச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்த முகங்கள் ஒரு வரிசை. ஐஸ் கட்டி இழுத்த பழைய கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருந்தன. படங்கள் அதிலிருந்துதான் தொங்கின.

மிஸ் லிம்முக்கு ஐம்பது வயதுக்கு மேல். பள்ளியில் ஓவியம் சொல்லித்தந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். இங்கிலீஷில் சொன்னார்: "தெருவில் வரைபவர்களை உள்ளே கூப்பிடுகிறேன். சிலருக்கு உள்ளே வரக் கூச்சம். அவர்களுக்கு அஞ்சடி இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு உள்ளே சுவர் தருகிறேன் என்றேன். வேண்டாம், தரை போதும் என்கிறாள்."

அப்போது அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நந்து புலியின் மீசையைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

"உன் படம் எங்கே?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"இன்னும் போடலக்கா. இன்னிக்குக் கடை சாத்துன பெறகு. நாளைக்கு எறங்கி வாங்க, பார்ப்பீங்க." சிரித்தாலும் பார்வை கீழே போயிற்று. மேஜைக்கு அடியில் ஒரு துணிப் பை, வாய் கட்டி, தயாராக இருந்தது. கிளம்ப வேண்டியிருந்தால் உடனே எடுத்துக்கொண்டு போக.

ஞாயிறு. ஊர் மாறினாலும் என் வழக்கம் மாறவில்லை. ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் ஆறு மணிக்கும் நல்ல இருட்டு, ஏழுக்குத்தான் வெளுக்கிறது. மறுநாள் சின்னத்தைக்குக் கண்கட்டு அவிழ்க்கிறார்கள். தினமும் படிக்கதவின் முன்னால் தண்ணீர் தெளித்துச் சின்னதாகக் கோலம் போடுவது அவர் வழக்கமாம், கண் போனதிலிருந்து விட்டுப்போயிற்று என்று முந்தின நாள் வருத்தப்பட்டிருந்தார். அதை நான் போட்டு வைத்தால் என்ன? வாளியும் துடைப்பமும் அரிசி மாவும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நந்துவும் விழித்துக்கொண்டு சேலையைப் பிடித்தபடி கூடவே வந்தான்.

தெருவிளக்கின் மங்கலில் அஞ்சடி முழுக்க வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. சதுரம் சதுரமாக, படிக்கதவிலிருந்து அடுத்த கடைவரை. பிள்ளைகள் பாண்டி ஆடியிருக்கிறார்கள், அல்லது தச்சன் எவனோ அளவெடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். நம் கதவுக்கு முன்னால் மட்டும் கூட்டினால் பாதிச் சுத்தமாக, அசிங்கமாக இருக்கும். கீழே கடை வைத்திருக்கும் அந்த நல்ல மனுஷிக்கும் ஓர் உதவியாகப் போகட்டும். இப்படியெல்லாம் யோசித்து, மூன்று வாளித் தண்ணீர் சுமந்து, அந்தக் கோடி முதல் இந்தக் கோடிவரை தேய்த்துக் கழுவினேன். சில கோடுகள் சீக்கிரம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். பிறகு படிக்கதவின் முன்னால் ஈரம் காய்வதற்குள் ஏழு புள்ளிக் கோலம் ஒன்று, நான்கு மூலையிலும் தாமரை வைத்து, நிதானமாகப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது, வந்த இத்தனை நாளில் முதல் தடவையாக எதையோ ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தி.

ஏழேகாலுக்கு ஸ்டெல்லா வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். நான் நந்துவோடு படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் காலி வாளிக்குள் நின்றுகொண்டு மீதமிருந்த தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா தூணருகே நின்றாள். ஈரத் தரையைப் பார்த்தாள். அந்தக் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். தரை போதும் என்றாள் என்று மிஸ் லிம் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

"தம்பி தண்ணிய ஊத்திட்டானா?" என்று நந்துவைப் பார்த்துக் கேட்டாள்.

நான் குனிந்து நந்துவின் ஈரச் சட்டையைப் பிழியத் தொடங்கினேன்.

"பரவால்ல. சின்னப் புள்ளதானே." பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நந்துவைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். நடந்ததைச் சின்னத்தையிடம் சொன்னேன். அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஐயையோ. ராத்திரி கதவச் சாத்த எறங்குனப்ப அந்தப் பொண்ணு குனிஞ்சி குனிஞ்சி என்னமோ போட்டுக்கிட்டுதான் இருந்துச்சி. கட்டு இருக்கிறதால என்னான்னு தெரியல. சரி விடு. புள்ள ஊத்துனதாவே இருக்கட்டும். ரெண்டு வயசுப் புள்ளைய யாரு ஏசுவா?"

நந்துவுக்குப் பால் ஆற்றினேன். ஆற்றிக்கொண்டே இருந்தேன், பால் சில்லிட்டுப் போயிற்று. அவனுக்கு இன்னும் பேச்சு திருந்தவில்லை. அவன்மேல் எதைப் போட்டாலும் சுமப்பான். நாளைக்கு இவனைப் பொய் சொல்லாதே என்று அடிக்கப் போகிறவளும் நான்தானே. யாருக்கும் தொந்தரவாக இருக்காதே என்ற மாமியாரின் குரலும் கூடவே கேட்டது. சொன்னால் தொந்தரவா, சொல்லாவிட்டால் தொந்தரவா? கடைசியில் குழந்தையைச் சின்னத்தை மடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

ஸ்டெல்லா கடைக்குள் அந்தத் துணிப் பைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தை இல்லை. நான்தான் கழுவினேன். படம் என்று தெரியவில்லை. படம் என்றால் சுவரில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ரெண்டு வயசுப் புள்ள ஏழு புள்ளி வச்சித் தாமரை போடுமா?"

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிறகு அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீடுக்கா அது. இடிச்சிப் போட்ட லயத்து வீடு. நீளம் அசல் அளவு. பொறந்ததுல இருந்து நடந்த வீடு, காலடி வச்சே அளந்தேன். ஆளுங்க மேல நடக்கணும்னுதான் கயிறுகூடக் கட்டல. நாலு மணி நேரம் போட்டேன். அப்பா பதினொண்ணுக்கு வந்துருவாரு."

அப்போதுதான் மிஸ் லிம் வந்தார். விஷயத்தைக் கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு" என்றார், பரீட்சை அறையில் சொல்வதுபோல.

"நூல் இருக்கிறதா?" என்று கேட்டேன். சின்னத்தையின் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? ஓடிப்போய்ப் பெரிய கட்டை நூலாக எடுத்து வந்தேன். எங்கள் ஊரில் தேர் வரும்போது தெருவை அடைத்துக் கோலம் போடுவோம். நேர்க்கோட்டுக்கு நூலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட வேண்டும். கோடு தரையில் ஒட்டிக்கொள்ளும். முதல் கோடு விழுந்ததும் ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா."

அவள் காலடி வைத்து எண்ணிக்கொண்டு போனாள். மிஸ் லிம் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக நூல் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பசாரிலிருந்து கூடைகளோடு வந்து எங்களைச் சுற்றிப் போயிற்று. எதிர்க் காப்பிக் கடைக்காரர் கேட்காமலே மூன்று காப்பி அனுப்பினார். நந்துவோடு இறங்கிவந்து கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்ட சின்னத்தை, "வசந்தா, கோணுது, கோணுது" என்று ஒற்றைக் கண்ணால் மேற்பார்வை பார்த்தார். வாசல் வந்தது, முன்னறை வந்தது, மாதா படம் இருந்த மூலை ஒரு சின்னக் கட்டமாக வந்தது. பின்பக்கத்து அடுப்படி மட்டும் பாக்கி. அந்த இடத்தில்தான் என் கோலம் கிடந்தது.

"அப்பா" என்றாள் ஸ்டெல்லா. கையிலிருந்த கட்டி அப்படியே நின்றது.

குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டை, பூசைக்குப் போன மடிப்பு கலையாமல். ஒரு கையில் குடை, ஒரு கையில் சீப்பு வாழைப்பழம். அந்தோணிசாமி என்று பிறகு தெரிந்தது. அஞ்சடியின் அந்தக் கோடியில் நின்று, மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரின் சுண்ணாம்புக் கைகளையும் பார்த்தார்.

"இதுதானா?"

"இன்னும் முடியலப்பா."

அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூலைக் கையில் சுற்றிச் சுற்றி என் விரல் வெளுத்துப் போயிற்று. நான்தான் காரணம், என்னால்தான் முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஓரடி எடுத்து வைத்தேன். மிஸ் லிம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்தோணிசாமி கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசல் என்று நாங்கள் விட்டிருந்த இடைவெளி வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். குடையைத் தூணில் சாய்த்தார். பிறகு தலையைக் குனிந்து உள்ளே போனார்.

அங்கே நிலையும் இல்லை, கூரையும் இல்லை. தலைக்குமேல் பத்தடி உயரத்தில்தான் அஞ்சடியின் உத்தரம். அந்த வீட்டு நிலை அவ்வளவு தாழ்வாக இருந்திருக்கிறது. முப்பது வருடம் குனிந்த தலை இப்போதும் தானாகவே குனிந்தது. உள்ளே போய் நிமிர்ந்த பிறகுதான் தான் குனிந்தது அவருக்கே தெரிந்தது. மகளைப் பார்த்தார். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"வீடு ஒல்லியாப் போச்சேம்மா" என்றார்.

"அஞ்சடி அவ்வளவுதான்ப்பா அகலம்."

"ம். நீளம் சரிதான்." மாதா மூலையில் ஒரு நொடி நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "அடுப்படி எங்க?"

"போடலப்பா."

அவர் நடந்தார். எண்ணாமலே நடந்து, என் கோலத்தின் நடுவே போய் நின்றார். கீழே பார்த்தார். "இது என்னாது, அடுப்படியில கோலம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது மிஸ் லிம்மும் என் கையைப் பிடிக்கவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். வாளி, துடைப்பம், மூன்று நடை தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"லயத்த இடிக்கறப்ப கம்பெனிக்காரன் புல்டோசர் கொண்டாந்தான்" என்றார் கடைசியில். "நீ வெளக்குமாத்துலயே முடிச்சிட்டியா தாயி?"

முதலில் சிரித்தது கீழ்ப்படியில் இருந்த சின்னத்தை. அப்புறம் எல்லோரும். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

ஸ்டெல்லா ஈரத்துணி எடுத்துவந்து கோலத்தைத் துடைக்கக் குனிந்தாள். "இருக்கட்டும்" என்றார் அவர். "ஒங்கம்மா இந்த எடத்துலதான் மாவைச் சிந்துவா. தெனம் சத்தம் போடுவேன்." அப்படியே கோலத்துக்குப் பக்கத்தில், சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "காப்பி கெடைக்குமா?"

மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார். அவரைச் சுற்றி ஸ்டெல்லா அடுப்படியை வரைந்து முடித்தாள். கோடு அவர் முழங்காலில் முட்டியபோது, நகராமல் காலை மட்டும் மடக்கினார். வழியில் போன பழைய தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் நின்று, "அண்ணே, இது நம்ம லயம் மாதிரியே இருக்கே" என்றார்கள். "வெளிய செருப்ப விட்டுட்டு வாங்கய்யா" என்று அவர்களை அதட்டினார். கிளினிக்கைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கேட்க ஸ்டெல்லாவுக்கும் தைரியம் இல்லை. கடைக்குள் மேஜையடியில் அந்தத் துணிப் பை இருந்தபடியே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி பஸ்ஸுக்கு எழுந்தார். குடையை எடுத்தார். வாழைப்பழச் சீப்பை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அவள் பையை எடுக்க உள்ளே திரும்பினாள்.

"அது எதுக்கு?" என்றார். வாசலில் மறுபடி குனிந்து வெளியே வந்து செருப்பை மாட்டினார். "பொழுது சாஞ்சா கதவச் சாத்திட்டுப் போ. தெறந்து போட்டுட்டுப் போவாத."

குடையை விரித்துக்கொண்டு தனியாகப் பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார். ஸ்டெல்லா அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு மண்டியிட்டு, வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியில் சாத்திய கதவு ஒன்றை வரைந்தாள். மறுநாள் காலையில் அழித்துத் திறந்தாள்.

அன்றுதான் சின்னத்தையின் கட்டையும் அவிழ்த்தார்கள். பார்வை நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், படி ஏறுவதற்கு முன்பே, வரைபடத்தைக் கோடிவரை நடந்து பார்த்து, "நான் சொன்னேன்ல, முன்னறை கோணல்தான்" என்றார். மிச்ச நாட்களில் நான் தினமும் படிக்கதவின் முன்னால் ஒரு முழம் இடத்தில் மட்டும் கையால் தண்ணீர் தெளித்தேன், அதுவும் விளக்கைப் போட்டுக்கொண்டு. மாவை மைனாக்கள் தின்றுவிட்டதால் கோலத்தை அதே இடத்தில் இரண்டு தடவை புதுப்பித்தேன். ஸ்டெல்லாவே கேட்டதால்தான்.

கிளம்பும் நாள் விடியற்காலை டாக்ஸி அந்தக் கோடியில் வந்து நின்றது. பெட்டியை டிரைவர் தூக்கிக்கொண்டார். ஸ்டெல்லா கதவைத் திறந்து வைத்திருந்தாள். தூங்கும் நந்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வழியாக, முன்னறை வழியாக நடந்தேன். மாமியாரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் வந்தது. என் கை அதன் பாட்டுக்கு எழுந்து, நிலையில் இடித்துவிடாமல் நந்துவின் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டது.